விட்டுக்கொடுத்த பேர்

மழை பெய்தால் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. ரப்பர் மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது. பட்டையில் வழிகிற தண்ணீர் சிரட்டைக்குள் இறங்கிப் பாலைக் கெடுத்துவிடும். வெட்டு இல்லாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. ஒரு நாள் வேலை செய்து பதிவில் ஏறுவதைத்தான் நாங்கள் பேர் என்போம். பேர் விழாத நாட்கள் கூடிப்போனால் மாதக் கடைசியில் லயத்து வரிசை வீடுகளில் எல்லாக் காம்பராக்களிலும் சண்டை கேட்கும். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், விடியுமுன் தகரத்தில் முதல் துளிகள் விழுகிற சத்தம் கேட்டால் போர்வைக்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்குத் தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

காரணம், ரேந்தை. கொக்கி ஊசியால் வெள்ளை நூலை இழுத்து இழுத்துப் பின்னும் வேலை. அதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. இரத்தினபுரி பஸ் வந்து திரும்பும் சந்தியில் என் வயதுடைய ஒரு சிங்களப் பெண் சின்னக் கடை வைத்திருந்தாள். ஆள் வராத நேரத்தில் பின்னிக்கொண்டிருப்பாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் விரல்களைப் பார்ப்பேன். எதிரில் நின்று படித்ததால் அவளுடைய பின்னல் சுற்றுகிற திசைக்கு என்னுடையது எதிர்த்திசையில் சுற்றும். பிழையைக் கொண்டுபோய்க் காட்டினால், "லிஹன்ன, லிஹன்ன" என்பாள். அவிழ்த்துவிடு என்று அர்த்தம். சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். ஆனாலும் அந்தச் சொல்லை அதுவரை மாட்டுக் கயிற்றுக்குத்தான் கேட்டிருந்தேன்.

நான் பின்னிக்கொண்டிருந்தது ஒரு மேசை விரிப்பு. வட்டமானது. நடுவில் பூ, அதைச் சுற்றி வலை, வலையைச் சுற்றி அன்னாசிப் பழங்கள். எங்கள் காம்பராவில் வட்ட மேசை கிடையாது. சதுர மேசையும் கிடையாது. மகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் ஒரு மரப்பெட்டிமேல்தான் இருந்தன. என் கணவர் தொழிற்சாலையில் புகை அறைக்காரர், ரப்பர் சீட்டுகளைக் கம்பில் போட்டுக் காயவைக்கிறவர். அவர் அந்த விரிப்பைப் பார்த்து, "மேச எப்ப புள்ள வருது?" என்று கேட்டுவிட்டுப் போவார். கேலிதான், கோபமில்லை.

வெயில் நாட்களில் அதைத் தொட நேரம் இருக்காது. விடியுமுன் மலை ஏறி மரம் மரமாக வெட்டிவிட்டு, பால் வடியும் வரை காத்திருந்து, வாளியில் சேர்த்து, நிறுவைக்குக் கொண்டுபோய், வீடு வந்தால் விறகு, தண்ணீர், சோறு. விரல் நகங்களைச் சுற்றி ரப்பர் பால் காய்ந்து கறுத்துப் போயிருக்கும். அந்தக் கையால் வெள்ளை நூலைத் தொட்டால் அழுக்கேறும். மழை நாளில்தான் கை சுத்தமாக இருக்கும். மழை நாளில்தான் நேரமும் இருக்கும். அதனால் எனக்கு மழை வேண்டியிருந்தது.

இந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. முக்கியமாக, பக்கத்துக் காம்பரா அக்காவிடம் சொல்ல முடியாது. அவர் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். மலையில் என் பகுதிக்கு அடுத்த பகுதி அவருடையது. தொழிற்சாலையில் சுமை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து அவருடைய கணவர் வீட்டோடு இருந்தார். மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். ஆகவே அந்த வீட்டில் விழுகிற பேர் அக்காவுடையது மட்டும்தான். எங்கள் வீட்டில் அப்படியில்லை. மழை பெய்தாலும் புகை அறையில் நெருப்பு எரியும், என் கணவருக்குப் பேர் விழும். மழைக்காக நான் சந்தோஷப்பட்டதெல்லாம் அந்தப் புகை அறை கொடுத்த தைரியத்தில்தான்.

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நாங்கள் படுத்திருந்தோம். கூரையில் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் அக்கா பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அதைக் கேட்ட பிறகும் என் மனம் எந்தச் சுற்றில் நிறுத்தினேன் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

நான் சொல்லப்போவது நடந்தது ஓர் ஆவணி மாதத்தில். போர் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூட விடுமுறை, மகள் வீட்டில் இருந்தாள். இரத்தினபுரியில் பெரஹர ஊர்வலக் காலம். வழக்கமாக அந்த நாட்களில் மழை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், வெட்டு நாட்கள் கூடும். அந்த வருஷம் அது விடவேயில்லை. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டுக்களத்துக் கொட்டகையில் எல்லாரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்போம். கங்காணி போய் முதல் மரத்தின் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். திரும்பி வந்து, "இன்னிக்கி வெட்டு இல்ல" என்பார். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு கலைவார்கள். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பேன். லயத்தின் திருப்பம் தாண்டியதும் என் நடை தானாக வேகமாகிவிடும்.

அப்படித் தொடர்ந்த மழையில் அன்னாசிகள் எனக்கு நன்றாக வளர்ந்துவிட்டன. அன்னாசி அடியில் அகலமாகத் தொடங்கும், பிறகு சுற்றுக்குச் சுற்று குறுகி நுனியில் ஒரே நூல் கண்ணாக முடியும். அந்தக் குறுகும் இடம்தான் அழகு. அதுவரை வெறும் வலை மாதிரி இருந்தது, அங்கேதான் பழமாகத் தெரியத் தொடங்கும். அந்த இடத்துக்கு வந்திருந்தேன். முந்தின நாள் வெளிச்சம் போனதால் பாதிச் சுற்றில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மழைச் சத்தம் கேட்டதும் எழுந்து முதலில் அதைத்தான் எடுத்துப் பார்த்தேன்.

அன்றைக்குக் கொட்டகையில் கங்காணி வேறு ஒன்று சொன்னார். பள்ளத்தில் வடிகான் அடைபட்டு ரோட்டில் தண்ணீர் பாய்கிறதாம். கான் வெட்டச் சில பேர் வேண்டும், அவர்களுக்கு முழுப் பேர் உண்டு. அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிட்டார். அக்காவைக் கூப்பிடவில்லை. வயது போனவர்களைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று நினைத்தாரோ, என்னவோ.

அக்கா தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடியும் பிரித்து மறுபடியும் மடித்தார்.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது அக்காவின் வீடு அல்ல. பாதியில் நிற்கிற சுற்றுத்தான் தோன்றியது. பகல் முழுக்கக் கானில் நின்றால் கை விறைத்துப்போகும், இன்றைக்கு ஊசி பிடிக்கவே முடியாது என்று தோன்றியது. நாளைக்கு வெயில் அடித்துவிட்டால் பிறகு எப்போது என்றும் தோன்றியது. வாய் அதற்குள் பேசிவிட்டது.

"கங்காணி, எனக்குப் பதிலா அக்காவப் போடுங்க."

கங்காணி என்னைப் பார்த்தார். "ஏன், ஒனக்குப் பேர் வேணாமா?"

"எங்க வீட்டுல அவருக்கு வேல இருக்கு. அக்கா வீட்டுல அவங்க மட்டுந்தானே."

அது உண்மைதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அதை நான் சொன்னது அதற்காக அல்ல. கொட்டகையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர், "நல்ல மனசு புள்ளைக்கு" என்றார். அக்கா என் கையைப் பிடித்து, "ஒனக்குப் புண்ணியமாப் போவும்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு பள்ளத்தில் இறங்கினார். நான் வீட்டுக்கு வந்தேன். கால் கழுவி, கையை நன்றாகத் துடைத்து, கதவுப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தச் சுற்றை முடித்தேன். அடுத்ததையும் முடித்தேன். மகள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "அம்மா, இது அன்னாசிதானே?" என்று கேட்டாள். அந்தப் பகல் எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

சாயங்காலம் அக்கா வந்தார். முழங்கால் வரை சேறு. காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் ஓடிக் காய்ந்திருந்தது. குதிகாலில் ஏதோ வெட்டியும் இருந்தது. அதோடு வந்து வாசலில் நின்று, வழியில் பறித்த ஓர் ஈரப்பலாக்காயை நீட்டினார்.

"புள்ளைக்கு அவிச்சுக் குடு."

நான் மடியில் இருந்ததைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு எழுந்தேன். ஈரப்பலாக்காயை வாங்கும்போது அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. இரவு அதை அவித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தேன். கணவரும் மகளும் சாப்பிட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு மழை விட்டது. நல்ல வெயில் அடித்தது. நாங்கள் எல்லாரும் வெட்டுக்குப் போனோம், அக்காவும் வந்தார். ஒரு வாரத்துக்கு மேலிருக்கும், ஒருநாள் காலையில் அவர் மலையில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெண்டைக்கால் இழுக்கிறது என்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. அவருடைய வாளியையும் நானே தூக்கிக்கொண்டு அவரை இறக்கிக் கூட்டி வந்தேன். தோட்டத்து மருந்துக்காரர் பார்த்த உடனே, இது எலிக்காய்ச்சலாக இருக்கும், இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது என்று லொறி பிடித்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீரிலிருந்து, காலில் உள்ள காயம் வழியாக வரும் என்பது அந்த மருந்துக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "எந்தத் தண்ணியில எறங்குனாங்க?" என்று அவர் கேட்டார். அக்காவின் கணவர், "எங்க எறங்கல, தோட்டமே தண்ணிதானே" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பெண்கள் வார்டில் துணைக்கு ஆண்கள் இருக்க முடியாது. அவருடைய மகளுக்குச் செய்தி அனுப்பியும் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே நான் போகிறேன் என்றேன். வெட்டு நாட்கள்தான், எனக்குப் பேர் போகும்.  அக்காவின் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "ஒங்களுக்கு நாங்க என்னத்தத் திருப்பிச் செய்யப்போறோம்" என்று அழுதார். லயத்தில் எல்லாரும் மறுபடியும் என்னைப் புகழ்ந்தார்கள். புகழ்கிற ஒவ்வொரு சொல்லும் என் முதுகில் ஈரச் சாக்கு மாதிரி ஏறியது.

ரேந்தையைக் கொண்டுபோகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இருந்தது ரேந்தை வைக்கிற அதே பைதான். வெந்நீர்ப் போத்தலையும் துவாயையும் அதற்குள் திணித்தபோது, அடியில் கிடந்த நூல் உருண்டையை வெளியே எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறந்ததாக எனக்கு நம்பிக்கை இல்லை. டவுனுக்கு முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஓர் இளம் சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். உள்ளே கையை விட்டு உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தான்.

"மேக மொகத்த?" என்றான். இது என்ன என்று.

"ரேந்த, மாத்தயா." ஊசி குத்தியிருந்த விரிப்பையும் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கா போறே?" என்று சிங்களத்தில் கேட்டு, பக்கத்தில் இருந்தவனுக்கு அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவள் பூ வேலை கொண்டுபோகிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. 

முதல் இரண்டு நாட்களும் அக்காவுக்கு நினைவு சரியாக இல்லை. கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. மூத்திரம் எவ்வளவு போகிறது என்று அளந்து வைக்கச் சொன்னார் வார்டு நர்ஸ் மிஸ். நான் அளந்து சொல்வேன். குறைவாக இருந்தால் அவர் முகம் மாறும். அந்த நாட்களில் வெளியே ஒரு துளி மழை இல்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது. எங்கள் மலையில் இப்போது எல்லாரும் வெட்டிக்கொண்டிருப்பார்கள், அக்காவின் மரங்கள் சும்மா நிற்கும் என்று நினைத்துக்கொண்டு கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இனி மழையை ஆசைப்பட மாட்டேன் என்று சுவாமிக்கு நேர்ந்துகொண்டேன். நேர்ந்துகொள்ளும்போதே, அது என்னால் முடியாது என்பதும் தெரிந்தது.

பிறகு காய்ச்சல் இறங்கியது. மூத்திரம் நன்றாகப் போகத் தொடங்கியதும் மிஸ் சிரித்துக்கொண்டு, "இனி பயம் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னார். அன்று பின்னேரம் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, கஞ்சி கேட்டார். கரண்டியால் கொடுத்தேன். கொஞ்சம் குடித்துவிட்டு, "இன்னிக்கி மலையில வெட்டா?" என்றார்.

"வெட்டுதான்."

"அப்ப ஒனக்கு எத்தன பேர் போச்சி?"

"அத விடுங்கக்கா."

"அன்னிக்கும் விட்டுக் குடுத்த. இப்பயும் பேர விட்டுட்டு வந்து குந்திருக்க."

அதற்கு மேல் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அன்னிக்கி நான் ஒங்களுக்காக விட்டுக் குடுக்கல."

சொல்லத் தொடங்கியதை நிறுத்த முடியவில்லை.

"ரேந்த பாதியில நின்னுச்சி. அத முடிக்கணும்னுதான் வீட்டுக்குப் போனேன். நீங்க கானுல நிக்கையில நான் பின்னிக்கிட்டு இருந்தேன். நான் போயிருந்தா ஒங்களுக்கு இது வந்திருக்காது."

  அக்கா மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"தெரியும் புள்ள."

"என்ன தெரியும்?"

"செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே நான் இருக்கேன். மழ பேஞ்சா ஒன் வீட்டுல மட்டுந்தான் பாட்டு முணுமுணுக்கிற சத்தம் கேக்கும்."

நான் முணுமுணுப்பது எனக்கே தெரியாது.

"தெரிஞ்சாலும் அன்னிக்கி நான் என்ன சொல்லியிருப்பேன்? எனக்குப் பேர் வேணும், எதுக்குக் குடுத்தன்னு கேக்குற மாதிரியா இருந்திச்சி எங்க வீடு?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் லயம் பூரா சொல்லிட்டேன், இந்தப் புள்ள மாதிரி ஆள் இல்லன்னு. எங்க வீட்டு ஆளு கண்ணு கலங்கிச்சி. இனிமே போயி மாத்திச் சொல்ல முடியாது. நீயும் சொல்லாத."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எங்கேயாவது போய் நின்று அழ ஓர் இடம் கிடைத்திருக்கும். கஞ்சி ஆறிவிடும், குடு என்று வாயைத் திறந்தார். குடித்து முடித்ததும், "கொண்டாந்திருக்கியா?" என்றார்.

"எத?"

"அதத்தான்."

பையிலிருந்து எடுத்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. கை அழுக்கு என்றார். வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லி, அன்னாசி நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே தூங்கிப்போனார். நான் ஒரு கண்கூடப் பின்னவில்லை, மடித்து வைத்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் ரொம்ப நாள் மலை ஏற முடியவில்லை. அவருடைய பகுதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் அவருக்கு நாற்றுமேடையில் வேலை கிடைத்தது. உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனால் மலையில் தன் மரங்களைப் பார்க்கிறபோதெல்லாம், "அந்தப் பய கோடு இழுக்கிறதப் பாரு, பட்டய உரிக்கிறான்" என்று அவருக்கு ஆத்திரம் வரும்.

அந்த வருஷம் அடுத்த மழை வந்தபோது, கங்காணி மறுபடியும் கான் வெட்ட ஆள் கேட்டார். அவர் கூப்பிடும் முன்பே நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன். பள்ளத்தில் தண்ணீர் இடுப்பு வரை குளிராக இருந்தது. காலில் காயம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன், பயம் அப்படி. பகல் முழுக்கச் சேற்றை வாரி எறிந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஒனக்கென்ன இவ்வளவு வேகம்?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தபோது விரல்கள் விறைத்திருந்தன. அன்றைக்கு நான் யாருக்கோ எதையோ கொடுத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முழுப் பேர் விழுந்தது, அவ்வளவுதான்.

பிறகு மரங்களுக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டினார்கள். மழைத் தண்ணீர் வெட்டில் இறங்காமல் அது தடுக்கும். லேசான மழைக்கெல்லாம் வெட்டு நிற்பதில்லை என்று ஆனது. தோட்டமே சந்தோஷப்பட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள்ளே ஒரு மூலையில் ஏமாற்றம் இருந்தது. அதற்கும் வெட்கப்பட்டேன்.

அக்காவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. கோயிலடியில் பந்தல் போட்டு, நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் சமைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் எஹலியகொடைப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு பந்தியில் போய்க்கொண்டிருந்தபோது, அக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, சம்பந்தி அம்மாளிடம் கொண்டுபோனார்.

"இந்தப் புள்ளதான். நான் சாகக் கெடக்கையில பேரயெல்லாம் விட்டுட்டு வந்து பாத்துக்கிட்டது. அதுக்கு முன்னாடியே எனக்காக ஒரு பேர விட்டுக் குடுத்திச்சி."

சொல்லும்போது அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். அதில் கேலி இருந்ததா, அன்பு இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. சம்பந்தி அம்மாள் என் கன்னத்தைத் தொட்டு, "இந்தக் காலத்துல யாரு இப்பிடி இருக்கா" என்றார்.  பந்தியில் யாரோ சாம்பார் கேட்டார்கள், அந்தப் பக்கம் போனேன்.